நடிக்காத சுறா

லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் வடக்குப் பக்கம் சன் வேலி என்றொரு பகுதி. அங்கே ஆட்லன் பிரதர்ஸ் என்ற காயலான் கடை நெடுங்காலம் இருந்தது. அடிபட்ட கார், ஓடித் தேய்ந்த கார், இனி ஓடாது என்று உரிமையாளரே கைகழுவிய கார் என்று வரிசை வரிசையாக நிற்கும். வாடிக்கையாளர்கள் ஸ்பேனரோடு வந்து, வேண்டிய பாகத்தைத் தாங்களே கழற்றிக்கொண்டு காசு கொடுத்துப் போவார்கள். அந்தக் கார்களுக்கு மேலே, கம்பங்களில் தூக்கி நிறுத்திய ஒரு சுறா, வாயைத் திறந்தபடி சுமார் இருபத்தைந்து வருஷம் வெயில் காய்ந்தது. நீளம் 25 அடி. உடம்பு முழுக்க ஃபைபர் கிளாஸ்.

‘ஜாஸ்’ படத்துச் சுறாவின் அச்சிலேயே வார்த்த உடம்பு அது. ஆனால் படத்தில் ஒரு காட்சியில்கூட அது இல்லை. அதே அச்சில் அதற்கு முன்பு பிறந்த மூன்று பேர்தான் கடலில் இறங்கினார்கள், படுத்தி எடுத்தார்கள், படத்தில் முகம் காட்டினார்கள். இது கடைக்குட்டி. ‘ஜாஸ்’ படத்தை விமர்சகர்கள் கொண்டாடியதையும் திட்டியதையும் இந்த நாலு பேரின் கதையோடு சேர்த்துப் படித்தால்தான் முழுசாகப் புரியும் என்று நம்புகிறேன். பாராட்டானாலும் வசவானாலும் பாதிக்கு மேல், இந்தப் பொம்மைகள் செய்ததையும் செய்ய மறுத்ததையும் பற்றியதாகவே இருந்தது.

பீட்டர் பெஞ்ச்லி எழுதிய நாவல் 1974 பிப்ரவரியில் வந்தது. அது அச்சாகும் முன்பே தயாரிப்பாளர்கள் ரிச்சர்ட் ஸானக்கும் டேவிட் பிரவுனும் உரிமை வாங்கியிருந்தார்கள். இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க். முப்பது வயதாகாத பையன். 25 அடிச் சுறாவைத் தண்ணீரில் நீந்தவும் பாயவும் கடிக்கவும் வைக்க வேண்டும். கலை இயக்குநர் ஜோ ஆல்வ்ஸ் வரைந்து கொடுத்தார். செய்து தர ஆள் தேடியபோது, ஓய்வு பெற்று வீட்டில் இருந்த பாப் மேட்டியைக் கூப்பிட்டார்கள். டிஸ்னியின் 1954-ஆம் வருஷத்துப் படமான ‘கடலுக்கடியில் 20,000 லீக்’கில் வருகிற ராட்சதக் கணவாய் அவர் கைவேலை.

1973 நவம்பரிலிருந்து 1974 ஏப்ரல் வரை வேலை நடந்தது. நாற்பது பேர் வரை உழைத்தார்கள். வேலை நடந்த பட்டறை இருந்ததும் அதே சன் வேலியில்தான். காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்த சுறாவின் அண்ணன்மார் பிறந்த ஊரும் அதுதான் என்று தெரிந்தபோது எனக்குச் சற்று நெஞ்சடைத்தது.

அந்த மூவரில் ஒருவருக்கும் முழு உடம்பு கிடையாது. ஒன்று கயிறு கட்டி இழுத்துப்போவதற்கானது. அதற்கு வயிறே இல்லை. மற்ற இரண்டும் கடலடியில் இறக்கிய இரும்பு மேடையில் பொருத்துபவை. ஒன்றுக்கு வலப்பக்கம் மூடியிருக்கும், இடப்பக்கம் திறந்து கிடக்கும், இன்னொன்றுக்கு நேர்மாறு. கேமரா பார்க்கிற பக்கம் மட்டும் சுறா. பார்க்காத பக்கம் இரும்புச் சட்டமும் ரப்பர் குழாய்களும். அழுத்திய காற்றால் வாலும் தாடையும் அசையும். ஒரு சுறாவை முழுசாக இயக்கப் பதினான்கு பேர் தேவைப்பட்டார்கள். ஸ்பீல்பெர்க்கின் வக்கீல் பெயர் புரூஸ் ரேமர். அந்தப் பெயரையே சுறாவுக்கும் வைத்தார்கள்: புரூஸ்.

லாரியில் ஏற்றிக் கண்டத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, மாசசூசெட்ஸ் கரையோரத்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குக் கொண்டுபோனார்கள். உப்புத்தண்ணீரில் ஒருமுறைகூட இறக்கிப் பார்க்காமல் கொண்டுபோனதுதான் தப்பாகிப்போனது. கடலுக்கு அந்தப் பொம்மையைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை போல. குழாய்களுக்குள் உப்புநீர் ஏறியது. அலையின் அழுத்தத்தில் சட்டம் விரிசல் விட்டது. தோல் அரித்தது, தண்ணீரைக் குடித்து உப்பியது. ஜூலையில், கீழே இறக்கிக்கொண்டிருந்த மேடையே கவிழ்ந்துவிட்டது; முக்குளிப்பவர்கள் போய் மீட்டார்கள். ஐம்பத்தைந்து நாளில் முடிய வேண்டிய படப்பிடிப்பு நூற்று ஐம்பத்தொன்பது நாள் இழுத்தது. நாற்பது லட்சம் டாலர் பட்ஜெட் தொண்ணூறு லட்சத்துக்குப் போனது. படப்பிடிப்புக் குழுவே படத்தின் பெயரைத் திருப்பி, குறைகள் என்று பொருள் வரும்படி ‘ஃப்ளாஸ்’ என்று கூப்பிட ஆரம்பித்தது. கடைசியில் சுறா வெடிக்கிற காட்சியை எடுக்கும்போது ஸ்பீல்பெர்க் தீவிலேயே இல்லை. எடுத்து முடித்ததும் குழுவினர் தன்னைத் தூக்கிக் கடலில் போட்டுவிடுவார்கள் என்று பயந்து முன்கூட்டியே கிளம்பிவிட்டார்.

திட்டப்படி சுறா அடிக்கடி முகம் காட்டியிருக்க வேண்டும். அது ஒத்துழைக்காததால் வேறு வழி தேட வேண்டியிருந்தது. அந்த வேறு வழிதான் நாம் பார்க்கிற படம்.

முதல் சாவையே எடுத்துக்கொள்வோம். விடியலை ஒட்டிய இருட்டில் ஒரு பெண் நீந்துகிறாள். கேமரா கீழே ஆழத்தில் இருந்து அவள் கால்களைப் பார்க்கிறது. சட்டென்று அவள் உடம்பு ஒரு வெட்டு வெட்டி இழுபடுகிறது. பிறகு நீர்மட்டத்தோடு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று அலைக்கழிகிறாள். சூசன் பேக்லினி என்ற ஸ்டண்ட் கலைஞர் அவர். இடுப்பில் கட்டிய பட்டையில் கயிறுகள் பூட்டி, ஆட்கள் இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்தார்கள். அந்தக் காட்சியில் சுறா என்று எதுவுமே இல்லை. கயிறும், மனிதர்களின் கைபலமும், அந்தப் பெண்ணின் அலறலும்தான்.

அதைவிட எனக்குப் பிடித்தது மரத்துறைக் காட்சி. சுறாவைக் கொன்றால் பரிசு என்று கேள்விப்பட்டு, இரண்டு பேர் வீட்டில் சமைக்க வைத்திருந்த இறைச்சித் துண்டைக் கொக்கியில் மாட்டி, சங்கிலியின் மறுமுனையைத் துறையின் மரக்காலில் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சங்கிலி ஓடுகிறது. துறையின் நுனி அப்படியே பிய்ந்து, ஒருவனையும் தண்ணீரில் தள்ளிவிட்டுக் கடலுக்குள் போகிறது. அப்புறம் அந்த மரத்துண்டு நிற்கிறது. மெதுவாகத் திரும்புகிறது. அவனை நோக்கி வரத் தொடங்குகிறது. கரையில் இருப்பவன், திரும்பிப் பார்க்காமல் நீந்து என்று கத்துகிறான். திரையில் இருப்பது நாலு பலகை மட்டுமே. அந்தப் பலகை திரும்புகிற விதத்தில் அதற்குக் கீழே இருப்பதன் நீளமும் கனமும் நம் வயிற்றில் தெரிகிறது. பிற்பாதியில் சுறாவோடு கட்டிய மஞ்சள் பீப்பாய்கள் இதே வேலையைச் செய்கின்றன. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டே ஸ்வரங்கள் படம் முழுக்க அதைச் செய்கின்றன. சுறா நீருக்கு மேலே தலையைத் தூக்கி முழு முகம் காட்டும்போது படம் தொடங்கி ஒரு மணி இருபது நிமிடத்துக்கு மேல் ஆகிவிடுகிறது.

எடிட்டர் வெர்னா ஃபீல்ட்ஸுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மோட்டார் மக்கர் செய்த, தாடை கோணிய, தோல் சுருங்கிய பிலிமையெல்லாம் பார்த்து, எந்த நொடிவரை சுறா மீனாக இருக்கிறது, எந்த நொடியில் பொம்மையாகிவிடுகிறது என்று அவர் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இதோடு ஆஸ்திரேலியக் கடலில் ரான் டெய்லரும் வேலரி டெய்லரும் எடுத்த நிஜ வெள்ளைச் சுறாக் காட்சிகளையும் கோக்க வேண்டியிருந்தது. டாலஸ் நகரில் முன்னோட்டம் காட்டியபோது ஒருவர் எழுந்து ஓடிப்போய் வெளியே வாந்தி எடுத்துவிட்டு, திரும்ப வந்து தன் இருக்கையிலேயே உட்கார்ந்ததை ஸ்பீல்பெர்க் பலமுறை சொல்லியிருக்கிறார். அப்போதுதான் படம் ஓடும் என்று அவருக்கு உறுதியானதாம். அதற்குப் பிறகும், இன்னும் ஒரு அலறல் வேண்டும் என்று, உடைந்த படகிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்க்கிற காட்சியை வெர்னா ஃபீல்ட்ஸின் வீட்டு நீச்சல் குளத்திலேயே மறுபடி எடுத்தார்கள். தண்ணீர் கலங்கலாகத் தெரியப் பால் பவுடரைக் கொட்டினார்கள்.

1975 ஜூன் 20. அமெரிக்காவில் ஒரே நாளில் 400-க்கும் மேற்பட்ட தியேட்டர்களில் படம் வந்தது. அதற்கு முன் மூன்று இரவுகள் தொலைக்காட்சியில் இடைவிடாத விளம்பரம். சில மாதங்களிலேயே ‘காட்ஃபாதர்’ வசூலைத் தாண்டியது.

சிகாகோவில் விமர்சகர் ராஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரமும் கொடுத்தார். பரபரப்புப் படமாக இருந்தும் மனிதர்களைச் சரியாக வைத்திருக்கிறது என்பது அவர் கட்சி. ஃபிராங்க் ரிச் ஒரு படி மேலே போனார்: படத்தின் ஆகப் பயங்கரமான இடங்கள் சுறா கண்ணில் படாத இடங்களே என்று எழுதினார். பட்டறையில் நடந்த கூத்தெல்லாம் ஊருக்கு முழுசாகத் தெரியாத காலம் அது. இருந்தும் திரையை மட்டும் பார்த்தே சரியான இடத்தில் விரல் வைத்தார். விமர்சனம் என்ற தொழிலின் மேல் எனக்கு மரியாதை வருவது இதுபோன்ற இடங்களில்தான். பாலின் கேல், சிரிப்பும் பயமும் ஒன்றையொன்று விடாமல் பிடித்திருப்பதையும் வெட்டுகளின் தாளம் செய்கிற வேலையையும் ரசித்துச் சொன்னார்.

எதிர்ப்பக்கமும் பலமானது. ‘லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்’ விமர்சகர் சார்ல்ஸ் சாம்ப்ளினுக்குப் படத்துக்குக் கொடுத்த சான்றிதழே பெரிய தவறாகப் பட்டது. பெற்றோர் துணையோடு பிள்ளைகள் பார்க்கலாம் என்ற சான்றிதழ் அது. இத்தனை ரத்தம் குழந்தைகளுக்கு ஆகாது என்று கோபப்பட்டார். ஸ்டீஃபன் ஃபார்பர், அதே வருஷம் கரப்பான்பூச்சிகளை வைத்து வந்த ‘பக்’ படத்துக்கும் இதற்கும் விளம்பரத்தைத் தவிர வித்தியாசமே இல்லை என்றார். ‘நியூயார்க் டைம்ஸ்’ வின்சென்ட் கேன்பி, கொஞ்ச நேரம் பார்க்க வேடிக்கையான அபத்தம் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, முக்கியமான ஒரு குற்றச்சாட்டை வைத்தார்: சுறாவுக்குப் பலியாகிற யாருக்காகவும் நாம் வருந்துவதில்லை.

கேன்பியோடு இங்கே நான் மல்லுக்கு நிற்பேன். கடற்கரைக் காட்சியை நினைத்துப் பாருங்கள். கூட்டம் தண்ணீரிலிருந்து அடித்துப்பிடித்து வெளியேறுகிறது. அம்மாக்கள் பிள்ளைகளை வாரி எடுக்கிறார்கள். ஒரு அம்மா மட்டும் வெயில் தொப்பியோடு அலை ஓரத்தில் நின்று மகன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். கிழிந்த மஞ்சள் மிதவை ஒன்று ரத்தநுரையோடு கரை ஒதுங்குகிறது. பிறகு அவள் கறுப்பு உடையில் வந்து போலீஸ் தலைவர் பிராடியின் கன்னத்தில் அறைகிறாள். சுறா இருப்பது உங்களுக்குத் தெரியும், தெரிந்தும் கடற்கரையைத் திறந்துவைத்தீர்கள் என்கிறாள். அந்த அம்மாவாக நடித்த லீ ஃபியரோ, தீவில் வாழ்ந்த நாடகக் கலைஞர். நிமிடக் கணக்கில் வந்துபோகிற அந்த முகத்தைப் பார்த்தபின் யாருக்காகவும் வருத்தம் வரவில்லை என்று எழுதியது, பெரிய விமர்சகரும் வசூல் இரைச்சலில் கவனம் சிதறியதையே காட்டுகிறது.

மாலி ஹாஸ்கெல் சொன்னதுதான் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. பயமுறுத்துவதற்கென்றே செய்த, கணினி போலப் பிசகாமல் ஓடுகிற இயந்திரம் இந்தப் படம். நாம் மின்னதிர்ச்சி வாங்கும் எலிகள் என்ற பொருளில் எழுதினார். பார்வையாளரின் நரம்பை இப்படி மீட்டுவது சரியா என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. இன்றைக்கும் கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் பிசகாமல் ஓடுகிற இயந்திரம் என்று அவருக்குத் தெரிந்தது, தினமும் பழுதாகி நின்ற ஒரு இயந்திரத்தைச் சுற்றி மனிதர்கள் ராவும் பகலும் யோசித்துச் சேர்த்த ஒட்டுவேலை. திட்டமிட்டபடி சுறா ஓடியிருந்தால்தான் ஹாஸ்கெல் பயந்த அந்த வெறும் இயந்திரப் படம் நமக்குக் கிடைத்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அடுத்த வருஷம் ஆஸ்கர் விழாவில் எடிட்டிங், இசை, ஒலி என்று மூன்று விருதுகள் வந்தன. மூன்றுமே, சுறா இல்லாத இடத்தில் சுறாவை உண்டாக்கிய கலைகள். காட்சி விளைவுகளுக்கான சிறப்பு விருது ‘ஹிண்டன்பர்க்’ படத்துக்குப் போனது. இயக்குநர் பட்டியலில் ஸ்பீல்பெர்க் பெயர் இல்லை. சுறாவைச் செய்தவர்களின் கை வெறுங்கையாகவே இருந்தது. பொம்மை தன் வேலையை ஒழுங்காகச் செய்யவில்லை என்பது உண்மை. ஆனால் இறுதிக் காட்சிகளில் அது படகின் பின்பக்கம் ஏறிவந்து, கண்ணாடி போன்ற கருங்கண்ணோடு சுறா வேட்டைக்காரர் குவின்ட்டை இழுத்துக்கொண்டு போகிறபோது தியேட்டர்கள் அலறியதற்கு மேட்டியின் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

மூத்த மூவரும் யுனிவர்சல் ஸ்டூடியோவுக்குத் திரும்பினார்கள். வெளியே கிடந்து மட்கிப்போனார்கள். ஒன்றும் மிஞ்சவில்லை.

படம் ஓட ஆரம்பித்த பிறகு, அதே அச்சை எடுத்து ஃபைபர் கிளாஸில் நான்காவதாக ஒன்றை வார்த்தார்கள். மோட்டார் இல்லை, குழாய் இல்லை, உள்ளே வெறும் கூடு. ஆனால் இரண்டு பக்கமும் வயிறும் வாலும் சேர்ந்த முழுச் சுறா இது ஒன்றுதான். ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டூடியோவைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தொங்கவிட்டார்கள். பதினைந்து வருஷம், 1990 வரை, அதுதான் அதன் வேலை. குடும்பம் குடும்பமாக வந்து அதன் பல்லுக்கிடையே தலையை நீட்டிச் சிரித்தார்கள்.

அந்த வருஷங்களில் விமர்சனமும் வேறு பாதை பிடித்தது. 1979-ல் ஃபிரெட்ரிக் ஜேம்சன், சுறாவுக்கு ஒரே பொருள் தேடுவதே தவறு என்றார். அந்தக் காலத்து அமெரிக்காவின் பல அச்சங்களை ஒரே உருவத்துக்குள் அடைத்துக்கொள்ள முடிவதுதான் அதன் பலம் என்பது அவர் வாதம். படப்பிடிப்பின் நடுவே, 1974 ஆகஸ்டில், நிக்ஸன் பதவி விலகினார். கோடை வியாபாரம் கெட்டுவிடும் என்று ஆபத்தை மறைக்கிற படத்து மேயரில் பலர் அவரைப் பார்த்தார்கள். ஜேம்சனைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த உள்ளீடற்ற ஃபைபர் கிளாஸ் உடம்புதான் கண்முன் வரும். இன்னொரு பக்கம் ரசிகர்களின் கேலியும் வளர்ந்தது. 1989-ல் வந்த ‘பேக் டு தி ஃப்யூச்சர்’ இரண்டாம் பாகத்தில், எதிர்காலச் சுறா ஒன்று பாய்ந்து மறைந்ததும், இன்னமும் பொம்மை மாதிரிதான் இருக்கிறது என்று நாயகனே சொல்கிறான்.

1990-ல் ஸ்டூடியோ இதைக் கழித்துவிட்டது. கழிவுச் சுமையோடு சுமையாக சன் வேலிக்கு வந்தது. கடைக்காரர் சாம் ஆட்லன் அதை உடைத்துப் போடவில்லை. கம்பம் நட்டு மேலே ஏற்றினார். அவ்வப்போது பெயின்ட் அடித்தார்கள். இந்த ஒரு மனிதரின் ஆசை இல்லையென்றால் நாலாவதும் அண்ணன்மாரோடு போய்ச் சேர்ந்திருக்கும்.

2010-ல் அமெரிக்கப் பொது வானொலியின் செய்தியாளர் கோரி டர்னர் விசாரிக்கத் தொடங்கினார். இது நிஜமாகவே பழைய அச்சில் வந்ததா, அல்லது பின்னாளில் எவரோ செய்த நகலா? மேட்டியின் குழுவில் வேலை செய்த ராய் ஆர்பகாஸ்ட் பார்த்துவிட்டு, அந்த அச்சேதான் என்று உறுதி சொன்னார். தங்கள் பட்டறையின் அச்சு அவருக்குத் தெரியாதா? உடல் வாகிலும் தாடையின் கோட்டிலும் முப்பத்தைந்து வருஷம் கழித்தும் கை அடையாளம் தெரிந்தது.

2016-ல் கடையை மூடியபோது சாமின் மகன் நேதன், சுறாவை ஆஸ்கர் அகாடமி கட்டிக்கொண்டிருந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார். அதற்குள் உடம்பெல்லாம் வெடிப்பு. வெயில் தின்ற பெயின்ட் அடுக்கடுக்காக உரிந்திருந்தது. 2019-ல் ஒப்பனைக் கலைஞர் கிரெக் நிகோடெரோ சீரமைப்பை ஏற்றுக்கொண்டார். சிறுவயதில் ‘ஜாஸ்’ பார்த்ததால்தான் இந்தத் தொழிலுக்கே வந்தவர் அவர். மாதக்கணக்கில், பழைய படப்பிடிப்புப் புகைப்படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வெடிப்பை அடைத்து, நிறத்தை மீட்டார். வாயில் 116 பற்கள். அண்ணன்மார் முகத்தில் இருந்த நிறமும் தழும்பும் தம்பி முகத்துக்கு வந்தன.

சுறா மனிதர்களைத் தேடி வேட்டையாடும் என்ற பயத்தை இந்தப் படம் பரப்பியதற்காக பெஞ்ச்லி பின்னாளில் வருந்தினார். 2006-ல் சாகும்வரை கடல் பாதுகாப்புக்காகப் பேசினார். 2022-ல் பிபிசி வானொலியில் ஸ்பீல்பெர்க்கும் அதே வருத்தத்தைச் சொன்னார். 1970-லிருந்து ஐம்பது வருஷத்துக்குள் பெருங்கடல் சுறா, திருக்கை இனங்களின் எண்ணிக்கை சுமார் 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு சொல்கிறது. அளவுமீறிய மீன்பிடிப்பே அதற்குக் காரணம். சான்றிதழ், ரத்தம், விளம்பரம் என்று 1975-ல் நடந்த வாதங்களை மறுபடி படிக்கையில், நிஜச் சுறாவுக்காகப் பேச அங்கே ஒரு குரல் இருந்திருக்கக்கூடாதா என்று மனசு ஏங்குகிறது.

2020 நவம்பரில், ரென்ஸோ பியானோ வடிவமைத்த அந்த அருங்காட்சியகக் கட்டடத்துக்குச் சுறா வந்தது. லிஃப்டில் நுழையாது. கண்ணாடிச் சுவரின் ஒரு பகுதியைக் கழற்றி, கிரேனில் தூக்கி உள்ளே விட்டார்கள். எடை 1,208 பவுண்டு. மூன்றாம் தளத்துக்கு 30 அடி மேலே, எஸ்கலேட்டர்களுக்கு மேலாகக் கட்டித் தொங்கவிட்டார்கள். அடுத்த வருஷம் செப்டம்பர் 30-ல் அருங்காட்சியகம் திறந்தது.

எஸ்கலேட்டரில் ஏறுகிறவர்கள் கைப்பிடியைப் பற்றியபடி அண்ணாந்து பார்க்கிறார்கள். படத்தின் முதல் காட்சியில் கேமரா அந்தப் பெண்ணின் கால்களைப் பார்த்த அதே கோணம், கீழிருந்து மேலே. அவர்கள் பார்வையில் முதலில் படுவது, கடலுக்குப் போன எந்தச் சுறாவுக்கும் முழுசாக வாய்க்காத அந்த வெள்ளை வயிறு.